உதாரண வீடு

அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. சொத்து என்றுதான் கூப்பிடுவார்கள். "சொத்து வந்தாச்சா?" "சொத்துக்கு இன்னைக்குக் காய்ச்சலாம், லீவு." "சொத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகரச் சொல்லுங்க, காத்து வரல." புதிதாக வருகிறவர் காதில் இதெல்லாம் விழுந்தால் மிரண்டுபோவார்.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. சட்டசபைக்குப் பின்னால் இருக்கிற கட்டடத்தில், இரண்டாவது மாடியில், ஒரே அறையில் மூன்று மேசைகள். வரிக்கு ஒன்று, காப்பீட்டுக்கு ஒன்று, சொத்துக்கு ஒன்று. மேசையின் பெயரே அதில் உட்காருகிறவர் மேல் ஒட்டிக்கொண்டது. வரி மேசையில் இருந்த அம்மாளை எல்லோரும் வரியக்கா என்றார்கள், அவரைவிட மூத்தவர்கள்கூட. காப்பீட்டு மேசையில் ஒரு கனத்த மனிதர். ஊருக்கெல்லாம் காப்பீடு பற்றி எழுதுவார், மழைக்காலத்தில் ஒரு குடை எடுத்து வரமாட்டார். நனைந்துகொண்டே வந்து மின்விசிறிக்குக் கீழே நிற்பார். சொத்து மேசைக்காரருக்கோ சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. மனைவியோடு ஒரு மாடிப் பகுதியில் வாடகைக்கு இருந்தார். "சொத்தில்லாத சொத்து" என்று வரியக்கா கேலி பண்ணுவார். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். கோபம் வராத மனிதர். கடவுள் சிலரைப் படைக்கும்போது கோபத்தை வைக்க மறந்துவிடுகிறார். அந்த மறதியிலேயே பேச்சையும் கொஞ்சம் குறைத்துவிடுகிறார்.

அவர்கள் செய்த வேலை இதுதான். ஒரு புதுச் சட்டம் வேண்டும் என்று யாராவது மசோதா கொண்டுவந்தால், அது சபையில் வாக்கெடுப்புக்குப் போவதற்கு முன்னால் இந்த அறைக்கு வரும். இப்போது சட்டம் என்ன சொல்கிறது, இது வந்தால் என்ன மாறும், யாரைத் தொடும். இந்த மூன்றையும் படித்துப் பார்த்து, யாருக்கும் புரிகிற மாதிரி ஒரு குறிப்பு எழுதவேண்டும். நல்ல சட்டம், கெட்ட சட்டம் என்று மட்டும் எழுதக் கூடாது. அறைக்குத் தலைவியாக இருந்த மேலாளர் அம்மாள் கையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில் இருக்கும். "பாவம்", "அநியாயம்", "வரவேற்கத்தக்கது" என்கிற மாதிரி ஒரு சொல் கண்ணில் பட்டால் போதும், ஈயை அடிக்கிற மாதிரி அடித்துவிடுவார்.

"உப்பு எவ்வளவு இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. சாப்பிடலாமா வேணாமான்னு சாப்பிடறவங்க முடிவு பண்ணட்டும்" என்பார்.

சொத்துக்கு இந்த வேலை பிடித்திருந்தது. யாரையும் நோகடிக்காத வேலை. காலையில் படியேறி வந்ததும் மேசைக்கு முன்னால் ஒரு நிமிஷம் கண்ணை மூடி நிற்பார். "ஆண்டவனே, இன்னைக்கு என் கையால யாருக்கும் தப்பு வராம பாத்துக்கோ" என்று சொல்லிக்கொண்டுதான் உட்காருவார். காப்பீட்டுக்காரர், "எனக்கும் சேத்து ஒரு வார்த்தை போடுங்க சொத்து, பிரீமியம் கட்ட முடியல" என்பார்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் குறிப்பு எழுதினாலும் கடைசியில் ஒரு வீட்டை உதாரணமாகச் சொல்லவேண்டும். "ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்" என்று ஆரம்பித்து, இந்தச் சட்டம் வந்தால் அந்த வீட்டுக்கு என்ன ஆகும் என்று காட்டவேண்டும். அதற்கென்று யாரோ ஒரு காலத்தில் ஒரு வீட்டைக் கற்பனை பண்ணி வைத்துவிட்டார்கள். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். பத்திரம் கணவன் பெயரில். வரி பாக்கி கிடையாது. கூரை ஒழுகாது. மூன்று மேசைக்காரர்களும் அந்த வீட்டையே எடுத்து எடுத்துப் போட்டார்கள். அந்தப் பிள்ளைகள் வருஷக்கணக்கில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டே இருந்தன, ஒரு வகுப்பும் ஏறவில்லை. அந்தக் கணவனுக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை. அந்த வீட்டில் யாரும் சாகவில்லை.

அந்த வருஷம் ஒரே கூட்டத்தொடருக்கு மூன்று மசோதாக்கள் வந்தன, மேசைக்கு ஒன்றாக.

வரியக்காவுக்கு வந்தது இது: சொந்த வீட்டில் குடியிருக்கிறவர்களுக்கு வீட்டுவரியில் பாதி சலுகை இருந்தது. இனிமேல் வெள்ளத்துக்கும் தீக்கும் காப்பீடு எடுத்த வீட்டுக்குத்தான் அந்தச் சலுகை. காப்பீட்டுக்காரருக்கு வந்தது: காப்பீட்டுக் கம்பெனிகள் குறைந்த விலையில் ஒரு பாலிசி தரவேண்டும், ஆனால் பத்திரத்தில் பெயர் இருக்கிறவருக்கு மட்டும் தந்தால் போதும். சொத்துக்கு வந்தது: வீட்டுவரி பாக்கி விழுந்தால் அந்த வீட்டை ஏலம் விடுவதற்கு இருந்த நீண்ட காலக்கெடுவைச் சுருக்கவேண்டும்.

மூன்று பேரும் அவரவர் மசோதாவை உதாரண வீட்டில் போட்டுப் பார்த்தார்கள். அந்தக் கணவன் சமர்த்தாகப் போய்க் காப்பீடு எடுத்தான், சலுகை வாங்கினான், வரியைக் கட்டினான். "பெரிய பாதிப்பு இல்லை" என்று மூன்று குறிப்பிலும் எழுதியாயிற்று. அடுத்த மேசைக்காரர் எழுதுவதைப் படிக்கிற பழக்கம் அங்கே இல்லை. அவரவர் வயல், அவரவர் வரப்பு.

சொத்துக்கு ஓர் அக்கா உண்டு. ஆஸ்பத்திரியில் சலவைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்க ஆவியில் நின்று படுக்கைவிரிப்புகளை மடிக்கிற வேலை. புருஷன் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட, பெற்றோர் வீட்டுக்கே திரும்பி வந்தவள். அப்பா அம்மா இருவரையும் கடைசி மூச்சுவரை கையில் தாங்கினவள் அவள்தான். இப்போது அந்த வீட்டில் தனியாக இருந்தாள். இவர்கள் இருவருக்கும் கீழே ஒரு தம்பி. வேறு ஊரில் லிஃப்ட் மெக்கானிக். "ஊரையே மாடிக்கு ஏத்தி விடறான், நம்ம வீட்டுப் படி மட்டும் அவனுக்குத் தெரியல" என்று அக்கா குறைப்பட்டுக்கொள்வாள். வருஷத்துக்கு ஒருமுறை வந்தால் அதிகம். வந்தாலும் செருப்பைக் கழற்றுவதற்குள் கிளம்பிவிடுவான்.

அந்த வீடு இன்னும் அப்பா பெயரில்தான் இருந்தது.

காரணம் உண்டு. அப்பாவை அடக்கம் பண்ணிவிட்டு வந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒரு சித்தப்பா, வாய் சும்மா இருக்கமாட்டாமல், "அப்புறம், பங்கெல்லாம் எப்படி?" என்று கேட்டுவைத்தார். அம்மா எழுந்து உள்ளே போய்ப் படுத்தவள் அன்றைக்கும் மறுநாளும் பச்சைத்தண்ணீர் தொடவில்லை. அதற்குப் பிறகு பங்கு என்கிற சொல் அந்த வீட்டுக்குள் வரவே இல்லை. அம்மாவும் போனாள். சொல் மட்டும் வெளியிலேயே நின்றுவிட்டது. தம்பிகள் என்றைக்காவது கேட்பார்களோ என்று அக்காவுக்குப் பயம். கேட்டால் அக்கா மனசு நொந்துவிடுமே என்று தம்பிகளுக்குப் பயம். நாட்டில் இருக்கிற சொத்துச் சட்டத்தையெல்லாம் தலைகீழாகச் சொல்லுகிற மனிதர், சொந்த வீட்டு விஷயத்தில் வாயைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"ஊருக்கெல்லாம் விளக்கம் எழுதறீங்க. உங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாதா?" என்று மனைவி எப்போதாவது கேட்பார்.

"பாக்கலாம்" என்பார் அவர். அவருடைய "பாக்கலாம்" எப்படிப்பட்டது என்று மனைவிக்குத் தெரியும். மேலே பேசமாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரார்த்தனை முடித்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போனார். போனதும் குளியலறைக் குழாயைப் பார்த்தார், சொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் குளியலறைக் கதவு ஒரு தனி ரகம். அடியில் கைகொடுத்துத் தூக்கி, கொஞ்சம் இடதுபக்கம் சாய்த்தால்தான் மூடும். வேற்று மனிதர் யாராவது உள்ளே போனால் அரைமணி நேரம் போராடுவார்கள். மாடிப்படியில் மூன்றாவது படியின் விளிம்பு உடைந்திருந்தது. வீட்டு மனிதர்களின் கால் அதைப் பார்க்காமலே தாண்டிவிடும்.

அக்கா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னாள். "போன மழைக்கு அடுத்த தெருவுல முழங்கால் அளவு தண்ணி. எங்க சூப்பர்வைசர் அம்மா சொன்னாங்கன்னு நானும் காப்பீடு எடுக்கலாம்னு போனேன்டா."

"போனியா? எடுத்துட்டியா?"

"எங்க எடுக்கறது! பத்திரம் யார் பேர்லன்னு கேட்டான். எங்க அப்பா பேர்லன்னேன். அப்ப அவரைக் கூட்டிட்டு வாங்கங்கறான்." அக்கா சிரித்தாள். "கூட்டிட்டு வர்ற இடத்துலயா அவரு இருக்காரு? நான்தான் கூடிய சீக்கிரம் அங்க போகணும், வேணா அப்ளிகேஷன் பாரத்தை என்கிட்ட குடுத்துவிடறீங்களான்னு கேட்டுட்டு வந்துட்டேன்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தேநீர்க் கோப்பை கையிலேயே நின்றது. பத்திரத்தில் பெயர் இல்லை, அதனால் காப்பீடு இல்லை. காப்பீடு இல்லை, அதனால் வரிச்சலுகை இல்லை. வரி இரட்டிப்பாகும், சலவைக்கூடச் சம்பளத்தில் கட்ட முடியாது, பாக்கி விழும். பாக்கி விழுந்தால் ஏலம். அதுவும் சுருக்கின காலக்கெடுவில். காப்பீட்டுக்காரர் மேசையில் ஆரம்பித்து, வரியக்கா மேசை வழியாக வந்து, கடைசிக் கதவைப் பூட்டுகிற சாவி தன்னுடைய மேசையில் இருப்பது அவருக்குப் பளிச்சென்று தெரிந்தது. உள்ளே அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"என்னடா, சர்க்கரை கம்மியா?"

"இல்லக்கா, சரியாத்தான் இருக்கு."

அன்றைக்கும் அவர் ஒன்றும் பேசவில்லை. குழாயைச் சரிபண்ணிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

திங்கட்கிழமை டீ நேரத்தில் மற்ற இருவரிடமும் சொன்னார். "எனக்குத் தெரிஞ்ச ஒரு வீடு" என்று ஆரம்பித்தார். அக்கா வீடு என்று சொல்லவில்லை.

வரியக்கா டீயை உறிஞ்சுகிற பாதியில் நிறுத்தினார். "இருங்க இருங்க. காப்பீடு கிடைக்காதா? நான் பாட்டுக்கு 'காப்பீடு எடுத்துக்கொள்ளலாம்'னு எழுதிவெச்சிருக்கேனே!"

"பத்திரம் இருந்தாத்தான் எடுக்கலாம். அதை நான் என் குறிப்புல எழுதியிருக்கேன், நீங்க படிக்கல" என்றார் காப்பீட்டுக்காரர்.

"நீங்க என்னுதைப் படிச்சீங்களா?"

"படிச்சா எனக்குத் தூக்கம் வருது."

"எனக்கு உங்களைப் பாத்தாலே வருது."

சண்டை சிரிப்பில் முடிந்தது. ஆனால் மூவருக்கும் உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருந்தது. இத்தனை காலமும் கூரை ஒழுகாத அந்த உதாரண வீட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டோமே என்று. மூன்று மசோதாவையும் சேர்த்து ஒரே குறிப்பாக எழுதுவது, பழைய உதாரண வீட்டை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று போடுவது என்று முடிவாயிற்று. புது வீட்டை எழுதுகிற வேலை சொத்துக்கு வந்தது.

இங்கேதான் அவர் தவறினார். அந்த அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. ஒரு மசோதாவால் தனக்கோ தன் குடும்பத்துக்கோ லாபமோ நஷ்டமோ வருமானால், முதலிலேயே மேலாளர் அம்மாளிடம் சொல்லிவிட்டு அந்தக் காகிதத்தை அடுத்தவரிடம் தந்துவிடவேண்டும். விதி அவருக்குத் தெரியும். இது அக்கா வீடுதானே, எனக்கென்ன இதில் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தனியாக இருக்கும் ஒரு பெண். ஆஸ்பத்திரியில் வேலை. பத்திரம் இறந்துபோன தகப்பன் பெயரில். எழுத எழுதக் கை தானாக ஓடியது. மாடிப்படியில் மூன்றாவது படி உடைந்திருக்கிறது. குளியலறைக் கதவைத் தூக்கினால்தான் மூடும்.

மேலாளர் அம்மாள் சிவப்புப் பென்சிலோடு படித்தார். கதவுக்கு வந்ததும் நிமிர்ந்தார். "இந்தக் கதவு எதுக்கு?"

"உதாரணம் கொஞ்சம் உயிரோட இருக்கட்டும்னு…" என்று இழுத்தார் அவர்.

அம்மாள் பென்சிலைக் கொஞ்ச நேரம் கதவின் மேலேயே வைத்திருந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அடிக்காமல் விட்டுவிட்டார்.

மசோதாக்களை ஆராய்கிற சட்டசபைக் குழு கூடிய அறை நீளமானது. ஒருபக்கம் உறுப்பினர்கள், எதிர்ப்பக்கம் இவர்கள். குழுத்தலைவி வயதான அம்மாள், மூக்குநுனியில் கண்ணாடி. குறிப்பைத் தாள் தாளாகத் திருப்பிப் படித்துவிட்டுச் சொன்னார். "மூணு மசோதாவையும் சேத்துப் பாத்தா இப்படி வருதுன்னு இன்னைக்குத்தான் தெரியுது. நல்லா எழுதியிருக்கீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இந்த வீடு எங்க இருக்கு?"

சொத்து எழுந்து நின்றார். "உதாரணம்ங்க அது."

"உதாரணம் சரி. எங்க இருக்கு?"

"கற்பனையா…"

"தம்பி, நான் வீடு கட்டி, வாடகைக்கு விட்டு, வித்து, மறுபடி வாங்கினவ. கற்பனை பண்றவன் வாசல்ல பூச்செடி வெப்பான். குளியலறைக் கதவைத் தூக்கி மூடச் சொல்ல மாட்டான். போய்ப் பாக்கலாம்னுதான் கேக்கறேன். யாரு வீடு?"

பக்கத்தில் வரியக்கா தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குப் புரிந்துவிட்டது. சொத்து மனசுக்குள் ஆண்டவனைக் கூப்பிட்டார். பொய் சொல்வதற்குத் துணை கேட்க முடியாது. ஆகவே உண்மையைச் சொல்லத்தான் கேட்டார்.

"எங்க அக்கா வீடுங்க."

"அக்கா பேர்லயா இருக்கு?"

"இல்லீங்க, எங்க அப்பா பேர்ல. அவரு இல்ல."

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ அதுல உங்களுக்கும் பங்கு இருக்குல்ல?"

அந்தச் சொல்லை ஒரு வேற்று மனுஷி, அத்தனை பேர் நடுவே, தண்ணீர் கேட்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். இருக்கிறது. சட்டப்படி அந்த வீட்டில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. எத்தனையோ குடும்பங்களின் பாகத்தைப் பிரித்துப் பிரித்து எழுதினவருக்கு இது தோன்றவே இல்லை. மறந்துவிட்டார் என்றும் சொல்ல முடியாது. அப்படி நினைத்துப் பார்க்கவே பழகாமல் போய்விட்டார்.

"ஆமாங்க. இருக்கு" என்றார். "முன்னாடியே சொல்லியிருக்கணும். தப்பு என்னுதுதான்."

வெளியே வந்ததும் மேலாளர் அம்மாள் தாழ்வாரத்தில் நின்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"சொல்லியிருக்கணும்."

"ஆமாம்மா."

"சொல்லியிருந்தா மேசையை மாத்தியிருப்பேன், அவ்வளவுதான். இப்பவும் மாத்தத்தான் போறேன். இந்த மூணு மசோதாவும் முடியறவரைக்கும் நீங்க அதைத் தொடக் கூடாது." கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "அந்தக் கதவை நான் அப்பவே அடிச்சிருக்கணும். எங்க வீட்டுலயும் ஒண்ணு அப்படித்தான் இருக்கு. அதனாலதான் கை வரல."

அதற்குப் பிறகு அவருக்கு வந்தது நாய் வளர்ப்போர் உரிமம் பற்றிய மசோதா. "சொத்தெல்லாம் போய் இப்ப நாய்தான் மிச்சம்" என்றார் காப்பீட்டுக்காரர். சிரித்துக்கொண்டே நாய்க்கழுத்துப்பட்டை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார் அவர். பக்கத்து மேசையில் வரியக்காவும் காப்பீட்டுக்காரரும் மூன்று மசோதாவோடும் மல்லுக்கட்டினார்கள். அந்தப் பக்கம் அவர் கண்ணை ஓட்டவில்லை. அவர்களும் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி படுக்கும்போது மட்டும் அக்கா வீட்டை நினைத்து ஜபம் சொல்வார்.

கடைசியில் மசோதாக்கள் மூன்றும் ஒன்றாகச் சபைக்குப் போனபோது வரியக்காவும் காப்பீட்டுக்காரரும் எழுதின குறிப்பைப் பார்த்துக் குழு ஒரு பிரிவைப் புதிதாகச் சேர்த்திருந்தது. இறந்தவர் பெயரில் இருக்கிற வீட்டில் அவருடைய வாரிசு குடியிருந்தால், அவரையே உரிமையாளராக எடுத்துக்கொண்டு காப்பீடும் சலுகையும் தரலாம். ஆனால் நிரந்தரமாக அல்ல. இரண்டு வருஷத்துக்குள் பத்திரம் உயிரோடு இருக்கிற ஒருவர் பெயருக்கு மாறவேண்டும். மாறாவிட்டால் பழைய கதைதான்.

நிறைவேறின பிறகுதான் வரியக்கா அவர் மேசைப்பக்கம் வந்தார். "எங்களால முடிஞ்சது அவ்வளவுதான். கதவைத் தொறந்து வெச்சிருக்கோம். உள்ள போறது உங்க பாடு. போய்ப் பேசுங்க."

"பாக்கலாம்" என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். "பேசறேன்" என்றார்.

தம்பிக்குப் போன் போட்டு வரச்சொன்னார். எதற்கு என்று அவன் கேட்டான். "வா, சொல்றேன்." "அக்காவுக்கு உடம்புக்கு ஏதாவதா?" என்றான் தம்பி. "இல்லடா, நல்லா இருக்கா. வீட்டைப் பத்தி." "வர்றேன்" என்று வைத்துவிட்டான்.

மூவரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். அக்கா தேநீர் வைத்தாள். யாரும் தொடவில்லை. எப்படி ஆரம்பிப்பதென்று புரியாமல், சொத்து தனக்குத் தெரிந்த ஒரே வழியில் ஆரம்பித்தார்.

"இப்போதைய நிலை என்னன்னா, வீடு அப்பா பேர்ல இருக்கு. சட்டப்படி மூணு வாரிசு. மாற்றம் வந்தா, ஒருத்தர் பேருக்குப் பத்திரம் போகும், மத்த ரெண்டு பேர் பங்கை விட்டுக் குடுக்கணும். இல்லன்னா மூணு பேர் பேர்லயும் போடலாம். வித்துப் பிரிச்சுக்கவும் வழி இருக்கு. இதனால பாதிக்கப்படறவங்க…"

"ஏன்டா ரேடியோ மாதிரி பேசற?" என்றாள் அக்கா. முகம் வெளுத்திருந்தது. "வித்துப் பிரிச்சுக்கணுமா? நேரா சொல்லு. நான் என்னைக்காவது கேட்டேனா? போகச் சொன்னா போறேன். ஆஸ்பத்திரிப் பக்கத்துல ரூம் கிடைக்கும்."

"ஐயோ அக்கா, நான் அப்படிச் சொல்லல. என்னென்ன வழி இருக்குன்னு…"

"அண்ணே" என்றான் தம்பி. "வழியெல்லாம் இருக்கட்டும். எது நல்லது, அதைச் சொல்லு."

"அதை நான் சொல்லக் கூடாது" என்றார் அவர், பழக்கதோஷத்தில்.

"இது உன் ஆபீஸ் இல்லடா!" என்றாள் அக்கா. கண்ணில் தண்ணீர். "ஆயுசு முழுக்க நல்லது கெட்டது சொல்லாமலே போயிடுவியா? மூத்த தம்பி நீ. உன் வாயால சொல்லு."

அவர் சுவரைப் பார்த்தார். அப்பா படம் இருந்தது. சிவப்புப் பென்சில் எங்கும் இல்லை.

"வீடு அக்காவுக்குத்தான்" என்றார். "அப்பா அம்மாவைப் பாத்தது அக்கா. இந்த வீட்டைப் பாத்தது அக்கா. நமக்குச் சட்டத்துல பங்கு இருக்கலாம், நியாயத்துல இல்ல. அக்கா பேருக்கு எழுதறதுதான் சரி. மத்ததெல்லாம் தப்பு."

அவ்வளவு நீளமாக அவர் அந்த வீட்டில் பேசினதில்லை.

தம்பி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். அக்கா அவனைப் பார்க்கப் பயந்துகொண்டு புடவை நுனியை மடித்து மடித்து வைத்தாள், ஆஸ்பத்திரி விரிப்பை மடிக்கிற மாதிரி.

"இதைச் சொல்ல இத்தனை வருஷமாண்ணே உனக்கு?" என்றான் கடைசியில். "நான் இங்க வந்து ரெண்டு நாள் தங்கினா, வீட்டுக்காக வந்து ஒட்டிக்கிட்டான்னு பேரு வந்துடுமோன்னு பயந்துதான் வராமலே இருந்தேன். அம்மா இருந்தப்பகூட. கையெழுத்து எங்க போடணும்?"

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுதுமுடித்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு அதட்டினாள். "அறிவுகெட்டவனே, அதுக்காகவா வரல? நான் என்னமோ உன் பொண்டாட்டிதான் விடலன்னு அவளைத் திட்டிக்கிட்டு இருந்தேன்."

"அவ பாவம்க்கா. அவதான் போ போங்கறா."

"அப்ப அவளுக்கு ஒரு நல்ல புடவை எடுத்துக் குடுக்கணும்."

"எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். மாடி ரூம். வந்தா தங்கறதுக்கு."

"அது உனக்கில்லாம யாருக்கு? அதை வேற எழுதித் தரணுமா?"

"எழுதிக்கறது நல்லதுதான்" என்று ஆரம்பித்தார் சொத்து. இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஆறிப்போன தேநீரை எடுத்துக் குடித்தார்.

பத்திரம் மாறின பிறகு காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து வீட்டைப் பார்வையிட ஒருவர் வந்தார். அவர் வருகிற நேரத்துக்குச் சொத்தும் அங்கே இருந்தார். தம்பியும் இருந்தான், உடைந்த மூன்றாவது படிக்குச் சிமெண்ட் பூசிக்கொண்டு. வந்தவர் வாசலில் நின்று கேட்டார்.

"வீடு யாருதுங்க?"

"எங்க அப்பா…" என்று வாயில் வந்துவிட்டது அக்காவுக்கு. பிறந்ததிலிருந்து சொல்லிப் பழகின வார்த்தை. நிறுத்தினாள். தம்பிகள் இருவரையும் ஒரு முறை பார்த்தாள். அன்றைக்குச் சொத்து பேச வேண்டியதில்லை.

"என்னுதுங்க" என்றாள் அக்கா. "உள்ள வாங்க. படியில சிமெண்ட் காயல, தாண்டி வாங்க. குளியலறைக் கதவை மட்டும் நீங்களா மூடப் பாக்காதீங்க. கூப்பிடுங்க, நான் வந்து மூடறேன்."